நாற்பத்திரண்டு லட்சம் லிட்டர்

பதினாறு வருடம் தெருத்தெருவாக நடந்து, வீட்டுக்கு வீடு குனிந்து குடிநீர் மீட்டர் பார்த்து எழுதியதில் மீட்டரக்காவின் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. மாடிப்படி ஏற முடியவில்லை என்று மருத்துவச் சான்று வைத்து மனு கொடுத்தாள். நகராட்சி மனம் இரங்கி, உட்கார்ந்து பார்க்கிற வேலையாகவே தருகிறோம் என்று சொல்லி, மூன்றாம் எண் கழிவுநீர் பம்ப் ஹவுஸுக்கு அவளை ஆபரேட்டராக அனுப்பியது. உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

ஊரின் வடக்குப் பாதியிலிருந்து வரும் சாக்கடை முழுவதும் அங்கே தரைக்குக் கீழே ஒரு பெரிய கிணற்றில் வந்து விழும். இரண்டு பம்புகள் மாற்றி மாற்றி ஓடி அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும். மேலே ஓர் அறை. அதில் கால் ஆடும் நாற்காலி ஒன்று, மேசை ஒன்று, சுவரில் பேனல் போர்டு. வெளியே போகும் குழாயின் மேல் வட்டமாக ஒரு மீட்டர் உட்கார்ந்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் லிட்டர் என்ற கணக்கில் ஓட்டத்தைக் காட்டுவது அது. காலை எட்டு மணிக்கு அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த நிலையத்தால் ஒரு நாளைக்கு அறுபது லட்சம் லிட்டர் வரை தள்ள முடியும் என்று சுவரில் பெயிண்டில் எழுதியிருந்தது.

முதல் நாள் மீட்டர் நாற்பத்திரண்டு காட்டியது. எழுதினாள். மறுநாளும் நாற்பத்திரண்டு. எழுதினாள். மூன்றாம் நாளும் அதுவே வந்ததும் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நாற்பத்திரண்டு. அடைமழை பெய்த நாள் நாற்பத்திரண்டு. குடிநீர்க் குழாய் வெடித்து ஊருக்கே நாலு நாள் தண்ணீர் வராதபோதும் நாற்பத்திரண்டு. ஒரே கையெழுத்து, ஒரே நீல மை, பதினோரு வருடம்.

நாலாம் நாள் பகலில் கரண்ட் போனது. ஓடிக்கொண்டிருந்த பம்ப் நின்றது. அறை அப்படியே கப்சிப் ஆனது. மீட்டரக்கா எழுந்துபோய் மீட்டரைப் பார்த்தாள். குழாயில் ஒரு சொட்டுகூட நகரவில்லை; ஊசி மட்டும் நாற்பத்திரண்டில் கம்பீரமாக நின்றது. மூக்குக் கண்ணாடிக் கூட்டால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

அன்று சாயங்காலமே, ஓய்வுபெற்றுப் போன பழைய ஆபரேட்டரின் வீட்டைத் தேடிப் போனாள். அவர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த மீட்டர் எப்போலேர்ந்து ஓடல?”

“எந்த மீட்டர்?”

“நீங்க பதினோரு வருஷமா பார்த்து எழுதினீங்களே, அது.”

“ஓ, அதுவா. அது நான் வந்தப்பவே அப்படித்தான் இருந்துது. எனக்கு முன்னாடி இருந்தவரும் நாற்பத்திரண்டுன்னுதான் எழுதிட்டிருந்தாரு. நம்ம எதுக்குப் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கணும்?”

“யாரும் கேக்கலையா?”

“கேப்பாங்களா? பதினோரு வருஷத்துல என் மேல ஒரு கம்ப்ளெய்ண்ட் உண்டா, சொல்லு பார்ப்போம். இங்க பாரும்மா, உனக்கு எழுதுறதுக்குத்தான் சம்பளம். பார்க்குறதுக்கு இல்ல.”

பதினாறு வருடம் பார்த்ததை மட்டுமே எழுதிச் சம்பளம் வாங்கியவளுக்கு இது தொண்டைக்குள் இறங்கவில்லை. வீட்டில் பூட்டுப் போட்டிருந்தால்கூட ‘பூட்டு’ என்று எழுதுவாளே தவிர, போன மாத அளவை ஏற்றிப் போடமாட்டாள். அதற்காகவே பலரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

பேனல் போர்டில், ஒவ்வொரு பம்பும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்ட ஒரு சின்ன எண்பெட்டி இருந்தது. அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காததால் கெட்டுப்போக வாய்ப்பில்லாமல் போயிற்றோ என்னவோ. ஒரு பம்ப் மணிக்கு இரண்டரை லட்சம் லிட்டர் தள்ளும் என்று அதன் உடம்பிலேயே தகடு அடித்திருந்தது. மறுநாள் காலை இரண்டு பெட்டிகளையும் பார்த்துக் கூட்டினாள். இருபத்துமூன்று மணி நேரம். பெருக்கினாள். ஐம்பத்தேழரை லட்சம் லிட்டர். இன்னொரு முறை பெருக்கினாள். அதேதான். பதிவேட்டில் ‘மீட்டர் பழுது. பம்ப் ஓடிய நேரப்படி 57.5’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் 56. திங்கட்கிழமை 59.

ஆறு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதிவேட்டைத் திறந்தால்தானே வாயைத் திறக்க.

அந்த ஆறு வாரமும் நகராட்சி அலுவலகத்தில் வேறு ஒரு விமரிசை நடந்துகொண்டிருந்தது. அடுத்த இருபது வருடத்துக்கான குடிநீர், கழிவுநீர்த் திட்டம் தயாராகிவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஆலோசகர்கள் நாலு மாதம் குளுகுளு அறையில் உட்கார்ந்து உழைத்து, வழவழத் தாளில் முந்நூறு பக்கத்துக்குப் புத்தகம் போட்டிருந்தார்கள். அதில் பம்ப் ஹவுஸ் பற்றி ஒரு பத்தி உண்டு. பதினோரு வருடத்தில் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ இரு மடங்கு ஆகியும் கழிவுநீர் ஒரு லிட்டர்கூடக் கூடவில்லை என்றும், இது குடிமக்களின் பொறுப்புணர்வையும் நிர்வாகத்தின் திறமையையும் காட்டும் வியக்கத்தக்க நிலைத்தன்மை என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை எழுதியவரும் காலையில் எழுந்து கழிப்பறைக்குப் போகிறவர்தான். கூட வந்த ஐந்து பேரும் அப்படித்தான். ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வாக்கியத்துக்காகவே நகராட்சிக்கு மேலிடத்திலிருந்து ஒரு கேடயம் வந்தது. நகராட்சிப் பொறியாளர் அதை அலுவலக நடையில் ஆணி அடித்து மாட்டினார். வாயைத் திறந்தால் ‘வளர்ச்சி’ என்ற சொல் இல்லாமல் மூடத் தெரியாதவர் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் வளர்ச்சி சார் என்றே பெயர். ஊரின் வடக்கு எல்லையில் ஆயிரத்து நானூறு அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன என்று அவருக்கு வாயெல்லாம் பல். அந்த வீடுகளிலிருந்து எட்டு லட்சம் லிட்டர் வரும். நாற்பத்திரண்டும் எட்டும் ஐம்பது. அறுபது வரை இடம் இருக்கிறது. பின் என்ன? அனுமதிக் கோப்பில் வைக்க, கடைசி மூன்று மாத அளவுகளின் நகல் மட்டும்தான் பாக்கி. அதற்காகத்தான் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார்கள்.

மறுநாளே மீட்டரக்காவுக்கு அழைப்பு வந்தது. வளர்ச்சி சாரின் அறையில் ஆலோசகர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. முழங்கால் வலி தாங்காமல் அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்னம்மா இது?” என்று பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார் வளர்ச்சி சார்.

“அளவு சார்.”

“அளவுன்னு எனக்கும் தெரியுது. நீங்க வந்த அஞ்சாவது நாள்லேர்ந்து ஏறிக்கிட்டே போகுதே, எப்படி?”

“ஏறல சார். அவ்வளவுதான் வந்துட்டிருக்கு. மீட்டர்தான் ஓடல. கரண்ட் போனப்பகூட நாற்பத்திரண்டுன்னு நின்னுது.”

ஆலோசகர் செருமினார். “மேடம், பதினோரு வருஷ டேட்டா இருக்கு. நாலாயிரம் ரீடிங். உங்களோடது நாற்பது ரீடிங். புள்ளியியல்படி எது நம்பகமானது?”

“நாலாயிரமும் ஒரே ரீடிங் சார். நாலாயிரம் தடவை எழுதியிருக்காங்க.”

“அதைத்தான் நாங்க நிலைத்தன்மைன்னு சொல்றோம்.”

“நீங்க ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க சார். பத்து நிமிஷம் நின்னா போதும், தெரிஞ்சுடும்.”

பத்து நிமிடம் அங்கே நிற்பது என்றதும் ஆலோசகர் முகம் சுளித்தார். நாலு மாத ஆய்வில் அவர் பம்ப் ஹவுஸ் வாசலைக்கூட மிதிக்கவில்லை என்பது அந்தச் சுளிப்பிலேயே தெரிந்துபோனது.

வளர்ச்சி சார் குரலைத் தணித்தார். “பாருங்கம்மா, ஊர் வளரணுமா வேண்டாமா? உங்க நம்பரைச் சேர்த்தா அறுபத்தஞ்சைத் தாண்டுது. புதுக் குழாய், புதுப் பம்ப், எல்லாம் முடிய மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஜனங்க எங்க போவாங்க?”

“அதையேதான் சார் நானும் கேக்குறேன். எங்க போவாங்க?”

அவள் கேட்டது வேறு. அவர் காதில் விழுந்தது வேறு. மூன்றாம் நாள் மெமோ வந்தது. ‘தாங்கள் பொறுப்பேற்ற நாள் முதல் கழிவுநீர் வரத்து 37 விழுக்காடு உயர்ந்ததற்கான காரணத்தை எழுத்து மூலம் விளக்கவும்.’

அதைப் படித்துவிட்டு, ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அடியே, அப்படி என்னத்தைத் தின்ன நீ?” என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் தங்கை வந்தபோது சிரிப்பு அடங்கிப்போனது. தங்கையும் அவள் கணவரும் அந்த ஆயிரத்து நானூறு வீடுகளில் ஒன்றை, ஆறாவது மாடியில், பதிவு செய்திருந்தார்கள்.

வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். “அக்கா, அனுமதி நிக்குதாமே. பம்ப் ஹவுஸ்ல எவளோ தப்பா எழுதிட்டாளாம். அங்க எல்லாரும் அதான் பேசிக்கிறாங்க. அந்த எவளோ நீதானா?”

“தப்பா எழுதல. சரியாத்தான் எழுதினேன்.”

“உன் சரியைக் கொண்டுபோய் உடைப்புல போடு. பத்து வருஷமா வாடகை வீட்ல அல்லாடுறேன். உனக்கென்ன, மாமா கட்டின வீடு இருக்கு. கூடப் பொறந்தவ வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட வேற நேரமே கிடைக்கலையா?”

“அந்த வீட்டுக்கு நீ போனதுக்கு அப்புறம் அடைச்சிட்டு மேல வந்தா?”

“வரட்டும். வந்தா அப்போ பார்த்துக்கலாம்! ஒரு நம்பர்க்கா. எல்லாரும் எழுதின நம்பர். அதை எழுதுறதுக்கு உனக்கு என்ன கை வலிக்குது?”

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். மீட்டரக்கா அந்தத் தண்ணீர்ச் செம்பை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தாள். தங்கை கேட்டது நியாயமா இல்லையா என்பதைவிட, அவள் அழுதுகொண்டே போனதுதான் மனதை அறுத்தது. நாற்பத்திரண்டு என்று எழுதிவிட்டால்தான் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பேனல் போர்டு முன் பேனாவோடு நின்றபோது, பெட்டி காட்டிய கணக்கைத் தவிர வேறு எதையும் எழுதக் கை வரவில்லை. 58 என்று எழுதினாள். மெமோவுக்கும் பதில் எழுதினாள்: ‘கழிவுநீர் வரத்து உயர்ந்ததற்கு நான் காரணம் அல்ல. என் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.’

இந்தப் பதில் ஒழுங்கீனம் என்று முடிவாயிற்று. அவளைப் பம்ப் ஹவுஸிலிருந்து எடுத்து, நகராட்சி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த புகார்ப் பிரிவில் போட்டார்கள். காலை ஏழு மணிக்குத் திறந்து, ஃபோனை எடுத்து, புகார் எண் கொடுக்கும் வேலை. அவள் எழுதிய அளவுகளின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு ‘எழுத்துப்பிழை’ என்று குறித்தார்கள். நாற்பத்தைந்து எழுத்துப்பிழை. புது ஆபரேட்டர் வந்த முதல் நாளே ஓட்டம் நாற்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. நிர்வாகம் எவ்வளவு சீக்கிரம் நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது என்று ஆலோசகர் ஒரு பின்னிணைப்பு எழுதிச் சேர்த்தார். அனுமதி கிடைத்தது.

இரண்டு வருடத்தில் கட்டடங்கள் எழும்பி ஜனங்கள் குடிவந்தார்கள். தங்கையும் போனாள். அக்காவைக் கூப்பிடவில்லை, மாமாவை மட்டும் கூப்பிட்டாள். அவரும் வேனை அந்தப் பக்கம் விட்டு ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்றாவது மாதம் புகார்ப் பிரிவில் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. எல்லாமே தரைத்தள வீடுகள். காலையில் ஆறிலிருந்து ஒன்பது மணி வரை, மேலே உள்ளவர்கள் குளித்துத் துவைத்துக் கழுவி அனுப்பும் எல்லாம் போக இடமில்லாமல், தரைத்தளத்துக் குளியலறை வழியாகப் பொங்கி வந்தது. வளர்ச்சி சார் ஒரு குழுவை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். குடியிருப்போர் கண்ட பொருட்களைப் போட்டு அடைத்துக்கொள்கிறார்கள், விழிப்புணர்வு தேவை என்று குழு அறிக்கை கொடுத்தது. வீட்டுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. ஈரத் தரையைத் துடைக்கக்கூட அது லாயக்கில்லை, வழவழத் தாள்.

அங்கே தரைத்தளத்தில் குடியிருந்த கணக்கு டீச்சர் ஒருவர் தினமும் ஆறரை மணிக்குத் தன் வீட்டு நிலவரத்தைப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்கு ஃபோன் போடுவார். ஒருநாள் டீச்சருக்குக் குரல் உடைந்துவிட்டது.

“நம்பர் வேண்டாம் மேடம். இதுவரைக்கும் பதினேழு நம்பர் கொடுத்திருக்கீங்க. எட்டரைக்கு நான் ஸ்கூல்ல நிக்கணும். வீட்ல ரெண்டு பொண்ணுங்க. காலையில நாங்க எங்க போறது? அதை மட்டும் சொல்லுங்க.”

மீட்டரக்கா புகார்ப் பதிவேட்டை மூடிவைத்தாள். கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். “எங்க ஆபீஸுக்கு வாங்க டீச்சர். நடையில ரெண்டு பாத்ரூம் இருக்கு. ஏழு மணிக்கே திறந்துடுவோம். ஒருநாளும் அடைச்சதில்ல.”

மறுநாள் ஏழு மணிக்கு டீச்சர் வந்து நின்றார், தோளில் துண்டு, கையில் வாளி, பின்னால் இரண்டு பெண்கள். மீட்டரக்கா வழியைக் காட்டினாள். அதற்கு மறுநாள் ஐந்து குடும்பம். நாலாம் நாள் சாக்கடை பொங்கிய தரைத்தளத்து வீடுகள் இருபத்துநாலும் வந்துவிட்டன. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. வரிசை நடையைத் தாண்டிப் படிக்கட்டு வரை போனது. கேடயத்துக்குக் கீழே நின்று ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குள் எல்லோரும் போய்விடுவார்கள் என்பதால் வளர்ச்சி சாருக்கு முதல் வாரம் விஷயம் தெரியவில்லை. எட்டாம் நாள் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று காலை எட்டுக்கே வந்தார். அதிகாரி நெடுந்தூரம் காரில் வந்தவர். இறங்கியதும் காதோடு ஏதோ கேட்டார். வளர்ச்சி சார் தன் அறைக்கு ஓடினார். அங்கே தனியாக ஒரு கழிப்பறை உண்டு. சாவி பியூனிடம், பியூன் பத்து மணிக்குத்தான் வருவான். அதிகாரி பொறுக்க முடியாமல் நடைப் பக்கம் வந்து கதவை நோக்கி விரைந்தார்.

“அங்கிள், லைன்ல வாங்க. நாங்க ஏழரையிலேர்ந்து நிக்கிறோம்” என்றாள் டீச்சரின் சின்ன மகள்.

அதிகாரி அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், வளர்ச்சி சாரைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் ஒன்பது பேர். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தன் முறை வர அவருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நெற்றியில் வியர்வை வழிந்தது. புகார்ப் பிரிவின் ஜன்னல் வழியாக மீட்டரக்கா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

அன்று பகலில் முதல் உத்தரவு வந்தது: நடையில் உள்ள கழிப்பறைகளுக்குப் பூட்டு, ‘பராமரிப்புப் பணி’ என்று அட்டை. மறுநாள் டீச்சரும் மற்றவர்களும் வாளியோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பத்து மணிக்கு வந்த ஊழியர்களுக்கும் பூட்டு பூட்டுதான் என்று உறைத்ததும், உள்ளேயே முணுமுணுப்பு கிளம்பியது. பகல் ஒரு மணிக்குள் இரண்டாவது உத்தரவு வந்தது: நிரந்தரத் தீர்வு கிடைக்கும்வரை, குடியிருப்பின் தொட்டியிலிருந்து கழிவுநீரை உறிஞ்ச, தினமும் காலை ஐந்தரை முதல் இரண்டு லாரிகள். புதுக் குழாய் போடுவது பற்றி ஆராய ஓர் ஆலோசகரையும் நியமித்தார்கள். அதே ஆலோசகர்தான்.

தரைத்தளம் காய்ந்தது. டீச்சர் ஃபோன் போட்டு நன்றி சொன்னார். அதற்கடுத்த வாரம் தங்கை ஃபோன் போட்டாள். இரண்டு வருடத்துக்கு அப்புறம் அன்றுதான் மீட்டரக்கா அவள் குரலைக் கேட்டாள்.

“அக்கா, நல்லா இருக்கியா? ஒண்ணுமில்ல, விடிகாலையில இந்த லாரிச் சத்தம் ஆறாவது மாடி வரைக்கும் கேக்குது. தூக்கமே போச்சு. கீழ இருக்கிறவங்க பண்ற கூத்துக்கு நாங்க ஏன் அவஸ்தைப்படணும்? நீ அங்கதானே இருக்க, கொஞ்சம் சொல்லி லாரியை லேட்டா வரச் சொல்லேன்.”

“புகார் எண் தரேன், குறிச்சுக்கோ” என்றாள் மீட்டரக்கா.

லாரி டிரைவர்கள் வார முடிவில் ட்ரிப் ஷீட்டில் கையெழுத்து வாங்கப் புகார்ப் பிரிவுக்குத்தான் வர வேண்டும். அந்த வாரம் வந்த டிரைவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தாளை மேசையில் வைத்துவிட்டு மின்விசிறிக்கு நேராக நின்றான்.

“ஒரு லாரிக்கு எத்தனை நடைப்பா?”

“ஆறுக்கா. சில நாள் ஏழு.”

“எடுத்துட்டுப் போய் எங்க கொட்டுறீங்க? சுத்திகரிப்பு நிலையம் ரொம்ப தூரமாச்சே.”

“அவ்வளவு தூரம் யாரு போறது? மூணாம் நம்பர் பம்ப் ஹவுஸ் பக்கத்துலயே ஒரு சாக்கடை மேன்ஹோல் இருக்குல்ல, அதுல திறந்து விட்டுடச் சொல்லியிருக்காங்க.”

மீட்டரக்கா பேனாவைக் கீழே வைத்தாள். “தம்பி, அந்தப் பம்ப் ஹவுஸ் தாங்காமத்தான் அந்த வீடுகள்ல பொங்கி வருது. நீ கொண்டுவந்து கொட்டுறது மறுபடி அதே பம்ப் ஹவுஸ்லதான் போய் நிக்கும்.”

“தெரியும்க்கா” என்றான் அவன் சாதாரணமாக. “ரெண்டாவது நாளே தெரிஞ்சுபோச்சு. வளர்ச்சி சார்கிட்ட சொன்னேன். நீ லாரியை ஓட்டுப்பா, பிளானிங்கை நாங்க பார்த்துக்கிறோம்னுட்டாரு.”

அவள் ட்ரிப் ஷீட்டை இழுத்து, நடை எண்ணிக்கையை ஒரு முறை கூட்டிச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினாள்.